ஃபோனுக்கு ஒரு டெஸ்ட், பிள்ளைக்கு ஒரு டெஸ்ட்

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தயாராகிற ஒரு செல்ஃபோன் டப்பாவுக்குள் போறதுக்கு முன்னாடி அதோட மைக்கும் ஸ்பீக்கரும் டெஸ்ட் ஆகும். நூத்துல ஒண்ணு எடுத்துப் பார்க்கிற சாம்பிள் கதை இல்லைங்க, ஒவ்வொண்ணும் ஆகும். வெளிச்சத்தம் புகாத ஒரு சின்னப் பெட்டிக்குள்ள வச்சு, ஒரு ஒலியை அனுப்பி, வர்றதை அளந்து பார்ப்பாங்க. பாஸ், இல்லன்னா ஃபெயில். ஃபெயில் ஆன பீஸ் அதோட சீரியல் நம்பரோட கம்ப்யூட்டர்ல ஏறிடும். ரிப்பேருக்குப் போச்சா, மறுபடி டெஸ்ட் ஆச்சா, எந்த ஷிப்ட்ல ஆச்சு, எல்லாத்தையும் ஒரு பட்டனைத் தட்டினா பார்த்துக்கலாம். 2006ல் நோக்கியா இங்கே உற்பத்தி ஆரம்பிச்சு 2014ல் மூடிட்டுப் போன காலத்திலிருந்தே இந்தப் பக்கம் வேலை பார்க்கிறவங்களுக்கு இதெல்லாம் பழகின சமாச்சாரம்.

அந்த ஃபோனை லைன்ல உட்கார்ந்து பூட்டுற பொண்ணுக்கு ஒரு குழந்தை பிறக்குது. அந்தக் குழந்தையோட காதை யாராவது டெஸ்ட் பண்றாங்களா? சில ஆஸ்பத்திரியில பண்றாங்க, சிலதுல இல்லை. பண்ற இடத்துலயும் அந்த ரிசல்ட் அப்புறம் எங்கே போச்சுன்னு கேட்டா, டிஸ்சார்ஜ் சம்மரிக்குள்ள ஒரு சீட்டா கிடக்கும். அவ்வளவுதான்.

இந்தப் பதிவு அதைப் பத்தித்தான். கொஞ்சம் நீளம். டீயோட வந்து உட்காருங்க.

முன்னாடியே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்லை. பொட்டி தட்டுறவன். ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு டெஸ்ட் ஸ்டேஷன் சாஃப்ட்வேர் எழுதுறது பொழப்பு. மருத்துவ விஷயத்துல மருத்துவர்கள் ஆராய்ஞ்சு சொன்னதை மட்டும் எடுத்துச் சொல்றேன். சிஸ்டத்துல ஓட்டை எங்கே இருக்குன்னு சொல்றது மட்டும் என் சொந்தச் சரக்கு.

காதே திருப்பிப் பேசும்

பச்சைக் குழந்தைக்குக் காது கேட்குதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? நம்ம வீட்டுப் பெரியவங்க தட்டைத் தட்டிப் பார்ப்பாங்க, கிலுகிலுப்பை ஆட்டுவாங்க. குழந்தை திரும்பினா "கேட்குது"ன்னு முடிவு. ஆனா குழந்தை தட்டோட அதிர்வுக்குத் திரும்பலாம், கண்ணோரமா தெரிஞ்ச கைக்குத் திரும்பலாம். ஒரு காது மட்டும் கேட்டாலும் திரும்பும். இதை நம்பி முடிவெடுக்கிறது, ஃபோனைத் தட்டிப் பார்த்து மைக் நல்லா இருக்குன்னு சொல்ற மாதிரி.

1978ல் லண்டன்ல டேவிட் கெம்ப் என்பவர் ஒரு அதிசயத்தைக் கண்டுபிடிச்சார். நல்லா வேலை செய்யுற உள்காது, வெளியிலிருந்து சத்தம் வந்தா அதைக் கேட்கிறதோட நிக்காம, தானும் ஒரு மெல்லிய சத்தத்தைத் திருப்பி அனுப்புது. காக்ளியாவில் இருக்கிற வெளிமயிர் செல்கள் பண்ற வேலை இது. அந்தச் செல்கள் கெட்டுப்போயிருந்தா எதிரொலி வராது. இதை வச்சுத்தான் ஓஏஈ டெஸ்ட். தூங்குற குழந்தையோட காதுல ஒரு சின்ன முனையைச் சொருகி, டிக் டிக்குனு ஒலி அனுப்பி, திரும்பி வர்றதை ஒரு மைக்கால பிடிக்கிறது. சில நிமிஷ வேலை. ஊசி கிடையாது, வலி கிடையாது. எங்க டெஸ்ட் ஸ்டேஷன் பண்றதும் கிட்டத்தட்ட இதேதான் :-)

ஆனா காக்ளியா நல்லா இருந்து, அங்கிருந்து மூளைக்குப் போற நரம்புல கோளாறு இருந்தா ஓஏஈ ஏமாந்துடும். பாஸ்னு காட்டிடும். அதுக்கு இன்னொரு டெஸ்ட் இருக்கு. நெத்தியிலயும் காதுப் பக்கமும் எலக்ட்ரோடு ஒட்டி, சத்தத்துக்கு மூளைத்தண்டு பதில் சொல்லுதான்னு பார்க்கிறது. நம்ம ஊர்ல 'பெரா' டெஸ்ட்னு சொல்வாங்க. குறைப்பிரசவக் குழந்தை, இன்குபேட்டர்ல ரொம்ப நாள் இருந்த குழந்தை, மஞ்சள் காமாலை அதிகமா இருந்த குழந்தைக்கெல்லாம் இதுதான் சரி. 2017ல் 'சோஹம்'னு ஒரு இந்தியக் கருவிகூட இதே முறையில வேலை செய்யுற மாதிரி வெளியானது. ஆக, தொழில்நுட்பம் இல்லைன்னு யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

ஒரு முக்கியமான விஷயம். முதல் டெஸ்ட்ல ஃபெயில்னா காது கேட்காதுன்னு அர்த்தம் இல்லை. பிறந்த முதல் நாள் காதுக்குள்ள தண்ணியும் மாவும் அடைச்சிருக்கும். அதனாலயே நிறைய குழந்தைங்க ஃபெயில் ஆகும், மறு டெஸ்ட்ல பாஸ் ஆகிடும். அதனால ஃபெயில்னு சொன்னா அழ வேண்டாம். மறு டெஸ்ட்டுக்கு மட்டும் கண்டிப்பா போகணும்.

"அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்"

ரெண்டு வயசாகியும் பிள்ளை பேசலைன்னா நம்ம வீடுகள்ல என்ன நடக்கும்? "அவங்க அப்பாவே மூணு வயசுலதான் வாயைத் திறந்தான்" என்பாங்க பாட்டி. நாக்குல வசம்பு தேய்ப்பாங்க. கோயிலுக்கு மணி வாங்கிக் கட்டுறதா வேண்டிக்குவாங்க. அன்பால செய்யுறதுதான், கிண்டல் பண்ணலை. ஆனா அதுக்குள்ள கடிகாரம் ஓடிக்கிட்டே இருக்கு.

1998ல் அமெரிக்காவின் கொலராடோவிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. காது கேளாமையை 6 மாசத்துக்குள்ள கண்டுபிடிச்சு உதவி ஆரம்பிச்ச குழந்தைகள், அதுக்கு அப்புறம் கண்டுபிடிக்கப்பட்ட குழந்தைகளைவிட மொழியில ரொம்பவே முன்னாடி இருந்தாங்க. காது எவ்வளவு கேட்கலை என்பதைவிட எப்போ கண்டுபிடிச்சோம் என்பதுதான் பெரிய வித்தியாசத்தைக் கொடுத்தது. அதிலிருந்து வந்ததுதான் 1-3-6 கணக்கு. 1 மாசத்துக்குள் டெஸ்ட், 3 மாசத்துக்குள் உறுதி, 6 மாசத்துக்குள் உதவி. ஹியரிங் எய்டோ, பேச்சுப் பயிற்சியோ, சைகை மொழியோ, எதுவாவது ஒண்ணு. காது கேட்காம வாழ முடியாதுன்னு நான் சொல்ல வரலை, நல்லா வாழறவங்க நிறைய பேர் இருக்காங்க. எந்த மொழியுமே உள்ளே போகாம முதல் மூணு வருஷம் வீணாப் போறதுதான் கொடுமை.

நம்ம நாட்டுல திட்டம் இல்லாம இல்லை. காது கேளாமைத் தடுப்புக்கான தேசியத் திட்டம் 2007 வாக்குல 25 மாவட்டங்கள்ல சோதனை முயற்சியா ஆரம்பிச்சது. 2013ல் வந்த ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய திட்டத்துல பிறவிக் காது கேளாமையும் ஒரு பிரிவு. தமிழ்நாட்டுல முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துல 6 வயசுக்குட்பட்ட குழந்தைகளுக்கு காக்ளியர் இம்ப்ளான்ட் செய்யுறாங்க. லட்சக்கணக்கில் செலவாகுற ஆபரேஷன். இதை இவ்வளவு காலமா அரசாங்கம் ஏத்துக்கிட்டு நடத்துறது சாதாரண விஷயமில்லை, மனசாரப் பாராட்டணும்.

ஆனா பாருங்க, கடைசிக் கட்டத்துக்கு லட்சம் லட்சமா கொடுக்கிறோம். முதல் கட்டத்துல, அதாவது கண்டுபிடிக்கிற கட்டத்துல, சில நிமிஷ டெஸ்ட்டை எல்லா இடத்துலயும் கட்டாயமாக்கலை. எந்த ஃபேக்டரியில இப்படி நடக்கும்?

பேர் தெரியாத வைரஸ்

பிறவிக் காது கேளாமைக்குக் காரணம் என்னன்னு கேட்டா நம்ம ஊர்ல உடனே வர்ற பதில் 'சொந்தத்துல கல்யாணம்'. உண்மைதான், பரம்பரைக் காரணம் பெரிய பங்கு. தமிழ்நாட்டுல சொந்தத்துல கல்யாணம் அதிகம், மறுக்க முடியாது. ஆனா பரம்பரையை விட்டுட்டுப் பார்த்தா, குழந்தைகளோட காது நரம்பைப் பாதிக்கிற காரணங்கள்ல உலக அளவுல முதலிடம் ஒரு வைரஸுக்கு. சைட்டோமெகலோ வைரஸ், சுருக்கமா சிஎம்வி. உங்க பக்கத்துல இருக்கிற பத்து பேர்கிட்ட கேளுங்க, ஒருத்தராவது கேள்விப்பட்டிருந்தா ஆச்சரியம்.

பேர்தான் தெரியாதே ஒழிய, ஆள் நமக்கு ரொம்ப நெருக்கம். இந்தியாவுல பெரும்பாலான பெரியவங்களுக்குச் சின்ன வயசுலயே இது வந்துட்டுப் போயிருக்கும். சாதாரணக் காய்ச்சலா இருந்திருக்கும், இல்லை ஒண்ணுமே தெரியாம இருந்திருக்கும். வந்தா உடம்பை விட்டுப் போகாது, உள்ளேயே தூங்கிக்கிட்டு இருக்கும். கர்ப்பகாலத்துல அது முழிச்சுக்கிட்டாலோ, வேறொரு வகை சிஎம்வி புதுசா தொத்திக்கிட்டாலோ, கருவுல இருக்கிற குழந்தைக்குப் போகலாம்.

எத்தனை குழந்தைக்குப் போகுது? அமெரிக்காவில் சுமார் 200க்கு ஒண்ணு. டெல்லி எய்ம்ஸ் ஆய்வாளர்கள் ஒரு அரை நகர்ப்புறப் பகுதியில செஞ்சு 2008ல் வெளியிட்ட ஆய்வுல சுமார் 2 சதவீதக் குழந்தைகளுக்குப் பிறக்கும்போதே சிஎம்வி இருந்தது. அதாவது 50க்கு ஒண்ணு. பயந்துடாதீங்க, இதுல பெரும்பாலான குழந்தைகளுக்கு எந்தப் பிரச்சினையும் வராது. சுமார் 5ல் ஒரு குழந்தைக்குத்தான் நிரந்தரப் பாதிப்பு வரும், அதுல முக்கியமானது காது.

இந்த வைரஸோட வில்லத்தனம் எங்கே இருக்குன்னா, பிறக்கும்போது குழந்தை பார்க்க ஜம்முனு இருக்கும். சுமார் 10ல் 9 குழந்தைக்கு வெளியில எந்த அறிகுறியும் தெரியாது. காதுகூட நல்லா கேட்கும், டெஸ்ட்ல பாஸ் ஆகும். அப்புறம் ஆறு மாசம், ஒரு வருஷம், ரெண்டு வருஷம் கழிச்சு மெல்ல மெல்ல கேட்காம போகும். எங்க தொழில்ல இதை ஃபீல்ட் ஃபெயிலியர்னு சொல்வோம். ஃபேக்டரியில எல்லா டெஸ்ட்டும் பாஸ், கஸ்டமர் கையில போய்ப் படுத்துக்கும். அந்த மாதிரி பீஸுக்கு லைன் டெஸ்ட் ரிசல்ட்டைக் காட்டி "பாஸ் ஆயிடுச்சே சார்"னு சொன்னா கஸ்டமர் செருப்பால அடிப்பான்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு தம்பதி இருக்காங்க. ரெண்டு பேரும் இந்தப் பக்கத்துக் கம்பெனிகள்ல ஷிப்ட் வேலை. ஊர்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரியில குழந்தை பிறந்தது. காது டெஸ்ட் பாஸ்னு சீட்டு. ரெண்டேகால் வயசு வரைக்கும் அந்தச் சீட்டைத்தான் எல்லாருக்கும் காட்டிக்கிட்டு இருந்தாங்க, "காது நல்லாத்தான் இருக்கு, பேச்சுதான் லேட்"னு. பெரா எடுத்தப்போ ரெண்டு காதும் போயிருந்தது. ஏன்னு கேட்டதுக்கு "இருக்கலாம், சிஎம்வியா இருக்கலாம், இப்போ நிரூபிக்க முடியாது" என்றாராம் டாக்டர். அந்த 'இருக்கலாம்'ல மாமியார் வீட்டுல அந்தப் பொண்ணு என்னென்ன கேட்டிருப்பான்னு நான் சொல்ல வேண்டியதில்லை. அவ சாப்பிட்ட மாத்திரை, அவ செஞ்ச நைட் ஷிப்ட், அவ வீட்டுப் பரம்பரை, எல்லாமே குத்தவாளி ஆயிடுச்சு.

ஏன் நிரூபிக்க முடியாது? அதுதான் இந்தப் பதிவோட மையம்.

21ஆம் தேதியும் 45ஆம் நாளும்

கருவுலயே சிஎம்வி வந்ததா, பிறந்த பிறகு வந்ததான்னு பிரிச்சுச் சொல்லணும்னா, பிறந்த 21 நாளுக்குள்ள குழந்தையோட எச்சில் அல்லது சிறுநீரை எடுத்து பிசிஆர் டெஸ்ட் பண்ணணும். 21 நாள் தாண்டிட்டா, தாய்ப்பால் வழியாவோ கொஞ்சின பக்கத்து வீட்டு அக்கா வழியாவோ வந்திருக்கலாம். பாசிட்டிவ் வந்தாலும் அர்த்தம் இல்லை. பிறந்தப்போ எடுத்த ரத்தத் துளி அட்டையை பத்திரமா வச்சிருக்கிற நாடுகள்ல பின்னாடி எடுத்துப் பார்க்கிறாங்க. நம்ம ஊர்ல பெரும்பாலான குழந்தைகளுக்கு அப்படி ஒரு அட்டையே கிடையாது.

இப்போ நம்ம ஊர் நடைமுறையைப் பாருங்க. முதல் டெஸ்ட்ல ஃபெயில் ஆன குழந்தைக்கு மறு டெஸ்ட் எப்போ? "45ஆம் நாள் தடுப்பூசிக்கு வருவீங்கல்ல, அப்போ பார்த்துக்கலாம்." அம்மாவைத் தனியா இன்னொரு தடவை அலைய விடக் கூடாதுன்னு நல்ல எண்ணத்துல செஞ்ச ஏற்பாடுதான். காது டெஸ்ட்டுக்கு மட்டும்னா அது ரொம்பப் புத்திசாலித்தனமான ஏற்பாடும்கூட. கொச்சியில குழந்தை மருத்துவர்கள் 2003லிருந்து நடத்தின திட்டத்தைப் பாருங்க. ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் மெஷின் வாங்க வேண்டாம், ஒரு மெஷினையும் பயிற்சி பெற்ற ஆளையும் வச்சுக்கிட்டு முறை வச்சு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா போகலாம்னு ஆரம்பிச்சாங்க. பத்து வருஷத்துல ஒரு லட்சம் குழந்தைகளுக்கு மேல பார்த்தாங்க. ஆயிரத்துக்கு ஒண்ணு ரெண்டு குழந்தைக்கு நிரந்தரக் காது கேளாமை இருக்கிறதைக் கண்டுபிடிச்சாங்க. படப்பை, சுங்குவார்சத்திரம், வாலாஜாபாத்னு சின்னச் சின்ன நர்ஸிங் ஹோம்களா இருக்கிற நம்ம பெல்ட்டுக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரியான யோசனை அது.

ஆனா சிஎம்வியைச் சேர்த்துப் பார்த்தா 45ஆம் நாள் என்பது ரயில் போன பிறகு டிக்கெட் எடுக்கிறது. 21 நாள் ஜன்னல் மூடி மூணு வாரத்துக்கு மேல ஆகியிருக்கும். இந்த ரெண்டு தேதியையும் ஒரே தாள்ல எழுதிப் பார்த்தாலே தெரியும், டைமிங் பொருந்தலை.

தீர்வு கஷ்டமில்லை. டிஸ்சார்ஜுக்கு முன்னாடி ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பார்த்தும் ஒரு காதாவது ஃபெயில்னா, அங்கேயே குழந்தை வாயில ஒரு பஞ்சுக்குச்சியை வச்சு எச்சில் எடுத்துடணும். தாய்ப்பால்லயும் இந்த வைரஸ் இருக்கும் என்பதால பால் குடிச்சு ஒரு மணி நேரம் கழிச்சு எடுக்கணும். பாசிட்டிவ் வந்தா சிறுநீர்ல உறுதி பண்ணிக்கணும். 2011ல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வுல, சுமார் 35 ஆயிரம் குழந்தைகள்கிட்ட இதைச் செஞ்சு பார்த்தாங்க. ஐஸ் பெட்டி இல்லாம காயவச்ச எச்சில்கூட 97 சதவீதத்துக்கு மேல சரியாக் காட்டிக் கொடுத்தது. காயவச்ச குச்சியை ஒரு கவர்ல போட்டு அனுப்பலாம்னா, இதைவிட என்னங்க வேணும்?

"பிசிஆருக்கு எங்கே போறது"ன்னு 2019ல் கேட்டிருந்தா நியாயம். 2020ல் கொரோனா வந்தப்போ கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல ஆரம்பிச்சு மாவட்ட மருத்துவக் கல்லூரிகள் வரைக்கும் பிசிஆர் லேப் போட்டோம். ஆர்டிபிசிஆர் டெஸ்ட்டைத்தான் நம்பி நடத்தின மாநிலம் நம்மது. அந்த மெஷினும் அதை ஓட்டத் தெரிஞ்ச ஆளும் இருக்கிற ஊர்ல, ஃபெயில் ஆன குழந்தைகளுக்கு மட்டும் ஒரு சிஎம்வி டெஸ்ட் என்பது மலையைப் புரட்டுற வேலை இல்லை.

இதை யோசிச்சது நான் மட்டும் இல்லை. அமெரிக்காவின் யூட்டா மாநிலம் 2013லயே, காது டெஸ்ட்ல தவறுற குழந்தைக்கு சிஎம்வி டெஸ்ட் பண்ணணும்னு சட்டம் போட்டுச்சு. கனடாவின் ஒன்டாரியோ 2019லிருந்து பிறக்கிற எல்லாக் குழந்தைகளுக்கும் பார்க்குது. மின்னசோட்டா 2023ல் அதே மாதிரி ஆரம்பிச்சது. நாம யூட்டா அளவுக்கு வந்தாலே போதும், இப்போதைக்கு.

கண்டுபிடிச்சு என்ன பண்றது?

நியாயமான கேள்வி. வால்கன்சிக்ளோவிர்னு ஒரு மருந்து இருக்கு. 2015ல் வந்த ஆய்வுப்படி, அறிகுறியோட பிறந்த குழந்தைகளுக்கு முதல் மாசத்துக்குள்ள ஆரம்பிச்சு 6 மாசம் கொடுத்தா காதுலயும் வளர்ச்சியிலயும் ஓரளவு நல்லது நடக்குது. அதிசயம் எல்லாம் இல்லை. வெள்ளை அணு குறையலாம், அடிக்கடி ரத்தம் பார்க்கணும், எல்லாக் குழந்தைக்கும் தேவையும் இல்லை. டாக்டர் பார்த்து முடிவு பண்ண வேண்டியது.

என்னைக் கேட்டா மருந்தைவிடப் பெரிய லாபம் வேற. சிஎம்வி இருக்குன்னு தெரிஞ்சா, ஒரு காது போன குழந்தைக்கு இன்னொரு காதும் போகலாம்னு தெரியும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை காதைப் பார்ப்பாங்க. போற அன்னைக்கே பிடிச்சுடலாம், ரெண்டு வருஷம் கழிச்சு இல்லை. இன்னொண்ணு, அந்த அம்மாவுக்கு ஒரு பதில் கிடைக்கும். "உன் மேல தப்பில்லம்மா, ஒரு வைரஸ்" என்ற பதில். அது சும்மா கிடைக்கிற லாபம் இல்லை.

தாய் வீட்டுப் பிரசவமும் தொலைஞ்சு போற சீட்டும்

இங்கே வேலை பார்க்கிற பொண்ணுங்க பெரும்பாலும் வெளியூர். விழுப்புரம், திருவண்ணாமலை, கடலூர், தெற்கே இன்னும் தூரம். 2024 ஆகஸ்ட்ல வல்லம் வடகால்ல திறந்த பெண் தொழிலாளர் விடுதி மட்டும் 18,720 பேர் தங்குற அளவு. கல்யாணம் ஆகி இங்கேயே வாடகைக்கு வீடு எடுத்துத் தங்கினாலும் முதல் பிரசவம் எங்கே? ஏழாம் மாசமோ ஒன்பதாம் மாசமோ வளைகாப்பு போட்டு அம்மா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. பிரசவம் ஒரு மாவட்டம், தடுப்பூசி ஒரு மாவட்டம், வளர்றது காஞ்சிபுரம் மாவட்டம். ஒடிசா, பீகார், அசாம்னு வந்திருக்கிற குடும்பங்கள் நிலைமை இன்னும் மோசம்.

இந்த ஊர் மாறுதல்லதான் மறு டெஸ்ட் தொலையுது. அங்கே ஃபெயில் ஆன குழந்தை இங்கே வந்தா இங்கே யாருக்கும் தெரியாது. ஒரு ஃபோன் ஸ்ரீபெரும்புதூர்லேர்ந்து எந்த நாட்டுக்குப் போனாலும் சீரியல் நம்பரை வச்சு அதோட ஜாதகத்தைச் சொல்லிடலாம். குழந்தைக்கு அப்படி ஒரு நம்பர் இல்லையா?

இருக்கே! அதுதான் வயித்தெரிச்சல். தமிழ்நாட்டுல கர்ப்பமானதும் பிக்மியில பதிவு பண்ணி 12 இலக்க ஆர்சிஹெச் எண் வாங்குறோம். அந்த எண் இல்லாம குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்குறதுக்கே திண்டாடணும். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் அதே எண். தமிழ்நாட்டுல 99 சதவீதத்துக்கு மேல பிரசவம் ஆஸ்பத்திரியிலதான் நடக்குது. அதாவது ஒவ்வொரு குழந்தையும் ஒரு நம்பரோட, ஒரு கட்டடத்துக்குள்ள, நம்ம கண் முன்னாடி பிறக்குது. எத்தனையோ நாடுகளுக்குக் கிடைக்காத வசதி இது.

அந்த எண்ணோட நாலு கட்டம் சேர்க்கணும். வலது காது, இடது காது, மறு டெஸ்ட் தேதி, சிஎம்வி ரிசல்ட். ஃபெயில்னா 10ஆம் நாள் ஒரு எஸ்எம்எஸ் அம்மாவுக்கு, ஒண்ணு அப்பாவுக்கு, ஒண்ணு அவங்க இப்போ இருக்கிற ஊர் கிராம சுகாதார செவிலியருக்கு. எந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல நம்பரைத் தட்டினாலும் வரணும். எழுதித் தர நான் ரெடி, சனி ஞாயிறு போதும் :-) சும்மா சொல்லலை. அரசாங்க சாஃப்ட்வேர்ல ஒரு கட்டம் சேர்க்க எத்தனை கையெழுத்து வேணும்னும் தெரியும். ஆனா கஷ்டம் கையெழுத்துலதான், கோடிங்ல இல்லை.

இன்னொரு வைரஸ், இதுக்கு ஊசி இருக்கு

சிஎம்விக்கு இதுவரை தடுப்பூசி கிடையாது. ஆனா அதோட பெரியப்பா மாதிரி இன்னொண்ணு இருக்கு, ருபெல்லா. ஜெர்மன் தட்டம்மைன்னும் சொல்வாங்க. கர்ப்பத்தின் முதல் மூணு மாசத்துல வந்தா குழந்தைக்குக் கண், காது, இதயம் மூணையும் பதம் பார்க்கும். 1941ல் ஆஸ்திரேலியாவில் நார்மன் கிரெக் என்ற கண் டாக்டர்தான் முதல்ல இதைக் கவனிச்சார். 1964-65ல் அமெரிக்காவில் வந்த ஒரு அலையில சுமார் 20 ஆயிரம் குழந்தைங்க இந்தப் பாதிப்போட பிறந்தாங்க. கண்ணும் காதும் ரெண்டுமே போன குழந்தைகள் உண்டு.

தமிழ்நாட்டுல 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ருபெல்லா ஊசி முகாம் நடந்தது ஞாபகம் இருக்கா? வாட்ஸ்அப்ல ஆளாளுக்கு வதந்தி பரப்பி, பெத்தவங்க பயந்துபோய் ஸ்கூலுக்குப் பிள்ளையை அனுப்பாம வச்சிருந்த அதே முகாம்தான். 9 மாசத்திலிருந்து 15 வயசுக்குக் கீழே இருந்தவங்களுக்குப் போட்டாங்க. கணக்குப் போடுங்க. 2002 தொடக்கத்துக்கு முன்னாடி பிறந்த பொண்ணுங்களுக்கு அந்த ஊசி கிடைக்கலை. தனியார்ல எம்எம்ஆர் போட்டிருந்தாத்தான் உண்டு. வதந்தியால தப்பிச்சு ஓடினவங்களும் இந்தக் கணக்குல சேர்த்தி. இன்னைக்கு இந்த பெல்ட்ல லைன்ல நிக்கிற, கல்யாணம் ஆகப்போற பொண்ணுங்கள்ல எத்தனையோ பேர் அந்த வயசு. ஒரே ரூம்ல பல பேர், ஒரே பஸ், ஒரே கேன்டீன். ஒருத்தருக்கு ருபெல்லா வந்தா பரவ இதைவிட வசதியான இடம் கிடைக்குமா?

வேலைக்குச் சேரும்போது கம்பெனி மெடிக்கல் செக்கப் பண்ணுது. கண் பார்க்கிறாங்க, ரத்தம் பார்க்கிறாங்க. அன்னைக்கே, கர்ப்பம் இல்லைன்னு உறுதி பண்ணிக்கிட்டு, விருப்பம் கேட்டு, எம்எம்ஆர் ஊசி போட்டு அனுப்பலாம். போட்ட பிறகு ஒரு மாசம் கர்ப்பம் தரிக்காம இருக்கணும், அதையும் சொல்லி அனுப்பணும். ஒரு நாள் லைன் நின்னா ஆகுற நஷ்டத்தோட ஒப்பிட்டா இந்தச் செலவு கால் தூசு. ஆனா ஒண்ணு, 'கர்ப்பம் இல்லைன்னு உறுதி'ங்கிறதைச் சாக்கா வச்சு வேலை கொடுக்காம இருக்கிற வேலைக்கு இது வழியாகிடக் கூடாது. ஊசி மருத்துவர் விஷயம், ஹெச்ஆர் விஷயம் இல்லை.

எதிர்க்கேள்விகள்

1. "அம்மாக்களைச் சும்மா பயமுறுத்துறீங்க." இப்போ பயமுறுத்துறது யாரு? தனியார்ல கர்ப்பிணிக்கு 'டார்ச்' டெஸ்ட் எழுதி, சிஎம்வி ஐஜிஜி பாசிட்டிவ்னு சீட்டு கொடுத்து அனுப்புறாங்க. அந்த ஐஜிஜிக்கு 'என்னைக்கோ வந்துட்டுப் போச்சு'ன்னுதான் அர்த்தம், நம்ம ஊர்ல கிட்டத்தட்ட எல்லாருக்கும் பாசிட்டிவ்தான் வரும். நான் சொல்றது எல்லா அம்மாவையும் டெஸ்ட் பண்றது இல்லை. காது டெஸ்ட்ல ஃபெயில் ஆன குழந்தையை மட்டும் பார்க்கிறது.

2. "ஃபெயில் ஆனவங்களை மட்டும் பார்த்தா, பாஸ் ஆகி அப்புறம் காது போறவங்க தப்பிடுவாங்களே?" ஆமா, தப்பிடுவாங்க. மேலே சொன்ன தம்பதியோட குழந்தையும் இதுல சிக்கியிருக்காது. அதனாலதான் பாஸ் சீட்டுல ஒரு வரி அச்சடிக்கணும்னு சொல்றேன்: "இது இன்றைய நிலை மட்டுமே. பேச்சு தாமதமானால் மறுபடி பாருங்கள்." அங்கன்வாடியிலயும் தடுப்பூசி போடுற அன்னைக்கும் ஒரு கேள்வி கேட்டாப் போதும், பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்புதா, எத்தனை வார்த்தை பேசுதுன்னு. எல்லாக் குழந்தைக்கும் சிஎம்வி டெஸ்ட் என்பது அடுத்த படி. முதல் படியே ஏறலை இன்னும்.

3. "இதைவிட முக்கியமான பிரச்சினை எவ்வளவோ இருக்கு." இருக்கு. ஆனா குழந்தை மரணத்தைக் குறைக்கிறதுல நல்ல பேர் வாங்கின மாநிலம் இது. பிழைச்ச குழந்தை எப்படி வாழுதுங்கிறதுதான் அடுத்த கேள்வியா இருக்க முடியும்.

நீங்க என்ன பண்ணலாம்?

வீட்டுல குழந்தை பிறக்கப்போகுதுன்னா டிஸ்சார்ஜுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "காது டெஸ்ட் பண்ணீங்களா?" பண்ணலைன்னா எங்கே பண்ணலாம்னு கேளுங்க. ஃபெயில்னா, "21 நாளுக்குள்ள சிஎம்வி பார்க்கணுமா டாக்டர்?"னு கேளுங்க. பாஸ்னாலும் சீட்டைப் பத்திரமா வச்சுக்கிட்டு, ஒரு வயசுல ஒரு வார்த்தையும் வரலைன்னா வசம்போட நிறுத்திக்காம காதை மறுபடி பாருங்க.

வீட்டுல கர்ப்பிணியும் இருந்து, ஒரு சின்ன வாண்டும் இருந்தா: வாண்டு மிச்சம் வச்ச சாதத்தைக் கர்ப்பிணி சாப்பிட வேண்டாம் (வீணாகுதேன்னு சாப்பிடுறதுதான் நம்ம அம்மாக்களோட பழக்கம்), ஒரே ஸ்பூன் வேண்டாம், கால் கழுவி விட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்க, முத்தத்தை வாயில கொடுக்காம நெத்தியில கொடுங்க. சிஎம்வி குட்டிப் பசங்களோட எச்சில்லயும் சிறுநீர்லயும்தான் அதிகம் இருக்கு. இதனால எல்லாத் தொற்றும் நின்னுடாது. ஆனா காசு செலவில்லாத காரியம்.

கம்பெனியில ஹெச்ஆர், சேஃப்டி கமிட்டின்னு ஏதாவது பொறுப்புல இருக்கிறவங்க, ருபெல்லா ஊசியை அடுத்த மீட்டிங்ல ஒரு பாயின்ட்டா போடுங்க. சுகாதாரத் துறையில யாரையாவது தெரிஞ்சவங்க, அந்த 21-45 முரண்பாட்டை அவங்க காதுல போடுங்க. மறு டெஸ்ட்டை 14ஆம் நாளுக்குக் கொண்டு வரலாம், இல்லன்னா டிஸ்சார்ஜ் அன்னைக்கே எச்சில் எடுத்து வைக்கலாம். ரெண்டுல எது நடந்தாலும் சந்தோஷம்.

டிஸ்கி: மருந்து, ஊசி எதையும் இந்தப் பதிவைப் படிச்சு முடிவு பண்ணாதீங்க, குழந்தை மருத்துவரைப் பாருங்க. ஆனா அவர்கிட்ட கேள்வி கேட்கத் தயங்காதீங்க.